நீலம் பூசிய பூனை

எங்கள் கோழிகளைத் தின்ற மிருகத்துக்கு என் சின்ன மாமா நீலப் பெயின்ற் அடித்தார். தன் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற். இதை இப்போது திருகோணமலை நகரத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, ஒரு வாயில்லாச் சீவனை இப்படியா வதைப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் என் மாமா அதை வதை என்று நினைத்துச் செய்யவில்லை, நிர்வாகம் என்று நினைத்துச் செய்தார். எங்கள் ஊரில் காட்டு மிருகங்களை நிர்வகிக்க ஆளில்லாத குறையை அவர் கொஞ்சக் காலம் தனியாகத் தீர்த்து வைத்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு மாரிகூட முடியவில்லை. 'திரும்பி' என்று பெரியவர்கள்தான் சொன்னார்கள். நான் அந்த ஊரை அதற்கு முன் கண்ணாலும் கண்டதில்லை. சண்டைக் காலத்தில் அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கிருந்து வெளிக்கிட்டவர். வெருகல் வரைக்கும் நடந்து, ஆற்றைக் கடந்து, ஒவ்வொரு முகாமாக மாறி, கடைசியில் கிளிவெட்டிப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் வந்து நின்றவர். நான் தவழ்ந்ததும், நடந்ததும், பல் விழுந்ததும், முதன்முதலில் எழுத்து எழுதியதும் முகாமில்தான். கொட்டிலுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் ஒரு தகரம் மட்டும் இருந்தது. அந்தப் பக்கம் என் கூட்டாளி தும்மினால் இந்தப் பக்கம் நான் சிரிப்பேன். தண்ணீர்த் தாங்கியடியில் எந்த நேரமும் ஆட்கள், சண்டை, பகிடி, அழுகிற குழந்தைகள். உலகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஊரில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் நடுவில் அவ்வளவு வருடமும் ஆளில்லாமல் வளர்ந்த காடு. எங்கள் வளவில் பழைய வீட்டின் அத்திவாரமும் கிணறும் மட்டும் மிஞ்சியிருந்தன. வளவின் கடைசியில் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கண்டல் மரங்கள், அதற்கு அப்பால் கொட்டியாரக் குடா. அம்மா வந்த அன்றே பத்தைக்குள் நின்று, இதில்தான் மாட்டுக் கொட்டில், இதில்தான் பலா மரம், இதில்தான் நாங்கள் நெல் அவித்த இடம் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். நான் கை காட்டிய பக்கமெல்லாம் பார்த்தேன். பத்தைதான் தெரிந்தது. எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. எல்லாரும் அவ்வளவு சந்தோசமாக இருந்தபடியால் அதை வெளியில் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா வெளிநாட்டில், கட்டாரில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்பார், வீடு எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று கேட்பார். வீட்டுக்கு ஆண் துணையென்று இருந்தவர் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா. கலியாணம் கட்டாதவர். நீல நிறத்தில் சின்ன வள்ளம் ஒன்று வைத்துக்கொண்டு ஓடையிலும் குடாவிலும் நண்டு பிடித்தார். அவருக்குத் தெரியாத விசயம் என்று ஒன்று இல்லை. தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லக்கூடியவர்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் அதற்கு வாழ்வாதாரம் என்று பெயர். வாழ்வாதார ஆடு, வாழ்வாதார மண்வெட்டி, வாழ்வாதாரத் தையல் மெசின். அம்மாவுக்குக் கிடைத்தது வாழ்வாதாரக் கோழிகள். கொண்டுவந்து கொடுத்த நிறுவனத்து மிஸ், கோழிகளைப் பெருக்கிக் காட்டுகிறவர்களுக்கு அடுத்த கட்டமாக ஒரு பசு கிடைக்கும், மாரி முடிய வந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மாவுக்கு வேறு நினைப்பு இல்லை. ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று பட்டினி கிடந்து சாகக்கூடாது என்று கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்த ஒரு பசு அவருக்கு இருந்தது. அதன் பிறகு அது என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது. இப்போது வரப்போகிற பசுவுக்காகக் கோழிகள் முட்டையிடத் தொடங்குவதற்கு முன்பே, பழைய கொட்டில் இருந்த இடத்தில் நல்ல வைரமான கட்டை ஒன்றை நட்டு வைத்தார். நான் அந்தக் கட்டையில் சாய்ந்து நின்றுகொண்டு முகாமை நினைப்பேன்.

ஒரு விடியற்காலை கூட்டடியில் இறகுகள் கிடந்தன. இரண்டு நாள் விட்டு மறுபடியும். மாமா வந்து குனிந்து பார்த்தார். ஓடைக்கரைச் சேற்றில் அடி பதிந்திருந்தது. பூனை அடியை விடப் பெரிது, நாயின் அடி இல்லை. மாமா தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அளந்து, நிமிர்ந்து, சிறுத்தைதான் என்று தீர்ப்புச் சொன்னார். அதுவும் குட்டி. குட்டி இருந்தால் தாயும் பக்கத்தில் இருக்கும். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. பெரியவர்கள் பொல்லு தடிகளோடு எங்களைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனார்கள். மாமாவைக் கண்ட இடத்தில் எல்லாம் ஆட்கள் நிறுத்திக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் தாய்ச் சிறுத்தை கொஞ்சம் வளர்ந்தது. அவர் அந்த நாட்களில் மிகவும் சந்தோசமாக இருந்தார் என்று நினைக்கிறேன்.

யாரோ அறிவித்து, வனசீவராசி உத்தியோகத்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சிங்களவர், தமிழ் ஓரளவு கதைப்பார். அம்மா கதிரை கொண்டுவந்து போட்டும் அவர் இருக்கவில்லை, நேரே ஓடைக்கரைக்குப் போனார். அடியைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த மீன் முள்ளையும் செதிளையும் ஒரு குச்சியால் கிளறினார். பிறகு தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நிற உடம்பு, வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளி, கட்டை வால், சின்ன வட்டக் காது.

"இது சிறுத்தை இல்ல. மீன் பிடிக்கிற பூனை" என்றார்.

பூனை என்றதும் பின்னால் நின்ற சனங்கள் மாமாவைப் பார்த்துச் சிரித்தார்கள். உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. இது மற்றப் பூனை மாதிரி இல்லை, நாட்டில் இப்போது குறைந்துகொண்டு போகிறது, சட்டத்தில் பாதுகாத்த மிருகம், கொல்லக் கூடாது என்று சொன்னார். மாரியில் ஓடை கலங்கிப் பெருகினால் மீன் பிடிப்பது கஷ்டம், அந்த நேரத்தில்தான் கோழிக்கு வரும். கூட்டை நிலத்திலிருந்து உயர்த்தி, தகரத்தாலும் கம்பி வலையாலும் அடையுங்கள் என்றார். போகும்போது மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகு மாமாவிடம் தனியாக ஒன்று சொன்னார். "பிடிச்சு வேற இடத்துக்குக் கொண்டுபோக வேணாம். சரியா?"

மாமா ஓம் என்று தலையாட்டினார். அவருடைய சிறுத்தை பூனையாகிப்போன வலியில் அவருடைய காதில் வேறு எதுவும் ஏறியிருக்காது.

கூட்டை அடைப்பதற்கு எங்களிடம் தகரம் இருந்தது. முகாமில் எங்கள் கொட்டிலைக் கழற்றி, அம்மா ஒன்று விடாமல் கட்டிக்கொண்டு வந்த தகரங்கள். ஆனால் அவை அப்போது அம்மா சமைக்கிற குசினிக்குக் கூரையாக இருந்தன. மாமா வேறு வழி வைத்திருந்தார். நண்டுக் கூட்டுக் கம்பியை இரட்டையாக வைத்துக் கட்டி, விழுகதவு வைத்து, பெரிய கூடு ஒன்று செய்தார். உள்ளுக்கு மீன் தலைகளைத் தொங்கவிட்டு ஓடைக்கரையில் வைத்தார். இரண்டாம் விடியலில் அது உள்ளே இருந்தது.

நான் அதை முதன்முதலாகப் பார்த்தபோது அது கூட்டின் மூலையில் ஒடுங்கி, காதைப் படிய வைத்துக்கொண்டு, அடித்தொண்டையால் உறுமிக்கொண்டிருந்தது. வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். கண் என்னைப் பார்க்கவில்லை; எனக்குப் பின்னால் இருந்த ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு, இதைக் கொல்லாதே என்று மட்டும் மாமாவிடம் சொன்னார். மாமா, கொல்லவில்லை, குடாவுக்கு மற்றப் பக்கம் கொண்டுபோய் விடப்போகிறேன் என்றார்.

விடுவதற்கு முன்பு ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்றார். எங்கள் பக்கம் மாட்டுக்குக் குறி சுடுகிற ஊர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி. மாட்டின் தொடையைப் பார்த்தால் அது யாருடையது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். நாளைக்கு வேறொரு பூனை வந்து கோழியைத் தின்றால் அதே பூனைதான் என்று சனம் தன்னைப் பகிடி பண்ணும், ஆகவே அடையாளம் வேண்டும் என்பது மாமாவின் கணக்கு. சூடு வைக்க அம்மா விடமாட்டார். எனவே தடியில் துணியைச் சுற்றி, வள்ளத்துப் பெயின்றில் தோய்த்து, கூட்டுக் கம்பிக்குள்ளால் நீட்டி, பூனையின் முதுகில் ஒரு இழுவை இழுத்தார். பூனை தடியைக் கடித்து முறித்தது. முதுகில் ஒரு சாண் நீளத்துக்கு நீலம் விழுந்துவிட்டது.

அன்று சனிக்கிழமை. அம்மா ஊரைத் துப்பரவாக்குகிற சிரமதானத்துக்குப் போகவேண்டியிருந்ததால் மாமா என்னையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். ஓடையால் இறங்கிக் குடாவுக்குள் வந்ததும் எதிர்க்கரையில் துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் தெரிந்தன. பூனையின் கூட்டைச் சாக்கால் மூடியிருந்தோம். எஞ்சின் சத்தத்துக்கு அது உறுமுவதையும் விட்டுவிட்டது. மூதூரைத் தாண்டி, எங்கள் பக்கத்துப் பெரிய ஆறான கங்கை கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், கண்டல் அடர்ந்த ஒரு திருப்பத்தில் மாமா வள்ளத்தைக் கரையில் ஒதுக்கிக் கதவைத் தூக்கினார். பூனை உடனே ஓடவில்லை. வெளியில் வந்து, ஈரத்தில் நின்று, மூக்கைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மணந்தது. பிறகுதான் வேர்களுக்குள் போனது.

அதுக்கு இங்கே யாரையும் தெரியாதே மாமா என்று கேட்டேன்.

"இஞ்ச மீன் இருக்கு, கண்டல் இருக்கு, நல்ல தண்ணி இருக்கு. அதுக்கு வேற என்ன வேணும்?" என்றார் மாமா.

முகாமிலிருந்து லொறியில் ஏறிய அன்று நான் அழுதபோது ஆட்கள் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே கிணறு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, கடல் இருக்கு, உனக்கு வேற என்ன வேணும் என்று. திரும்பி வரும் வழி முழுக்க அந்தக் கரையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு கொஞ்ச நாள் நிம்மதி. இரண்டு கோழிகள் அடைக்கு இருந்து குஞ்சு பொரித்தன. அம்மா கட்டையடியில் புல்லைச் செதுக்கித் துப்பரவாக்கினார். மாமா சந்தியில் நின்று, உத்தியோகத்தர்மாருக்கு ஏலாத வேலையை ஒரு நண்டுக் கூட்டால் செய்து முடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நானா வந்தார். மூதூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து மாமாவிடம் நண்டு வாங்குகிற முஸ்லிம் வியாபாரி அவர்; அவர்கள் அண்ணனை நானா என்பார்கள். மாமாவுக்கு மூத்தவர், இரண்டு பேரும் நல்ல கூட்டு. வழக்கமாகப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்கிறவர், அன்று சைக்கிளிலிருந்து இறங்காமலே மாமாவைக் கூப்பிட்டார். "தம்பி, உங்கட மாடு எங்கட பயிரை மேஞ்சிட்டு" என்றார்.

எங்களிடம் மாடு இல்லையே என்றார் மாமா. நானா சிரிக்காமல் விளக்கினார். கங்கைக் கரையில் அவருடைய ஆட்கள் வாத்து வளர்க்கிறார்கள். ஒரு மிருகம் வந்து வாத்துகளைத் தின்றது. வலை போட்டுப் பிடித்துப் பார்த்தால் அதன் முதுகில் நீலம். அந்த நீலம் குடாவில் யாருடைய வள்ளத்தில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். குறியுள்ள மாடு பயிரில் இறங்கினால் குறிக்காரன்தானே பதில் சொல்லவேணும்? இது எங்கட ரெண்டு ஊருக்கும் பொதுவான முறைதானே, தம்பி?

அது முறைதான். அந்த முறையை வைத்து அவரே எத்தனையோ மாட்டுக்காரரிடம் வாதாடியிருக்கிறார். அந்தப் பெயின்றை அடித்ததால், தீவு முழுக்க ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒரு காட்டுப் பூனைக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார். குசினிக்குள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முகாமை விட்டு வந்த பிறகு அம்மா அப்படிச் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். கடைசியில் மாமா அன்றைய நண்டு முழுவதையும் வாத்துக்குப் பதிலாகக் கொடுத்தார். நானா தேத்தண்ணி குடித்துக்கொண்டு மிச்சக் கதையையும் சொன்னார். அங்குள்ள பொடியன்கள் விளையாட்டுக்கு நீலத்துக்குப் பக்கத்தில் தங்கள் வள்ளத்துப் பச்சையையும் இழுத்துவிட்டார்களாம். காலையில் வள்ளத்தில் ஏற்றி எங்களுக்கே திருப்பித் தரலாம் என்று சாக்கில் போட்டுக் கட்டி வைத்தால், சாக்கைக் கிழித்துக்கொண்டு போய்விட்டதாம்.

சில கிழமைகள் போயின. மாரி கனத்தது. ஒரு நாள் விடியக் கூட்டடியில் மறுபடியும் இறகுகள். குஞ்சுக்காரக் கோழி ஒன்றைக் காணவில்லை. அதன் குஞ்சுகள் ஈரத்தில் கத்திக்கொண்டு நின்றன. அம்மா அவற்றை மடியில் அள்ளிக்கொண்டு உள்ளே போனார். மாமா கம்பிக் கூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனார்.

அடுத்த விடியலில் கூட்டுக்குள் அது இருந்தது. முதுகில் நீலம், பக்கத்தில் பச்சை.

எனக்கு என்ன சந்தோசம் என்று சொல்ல ஏலாது. எங்கள் கோழியைத் தின்றுவிட்டதே என்ற கவலை ஒரு பக்கம் இருந்தாலும், வந்துவிட்டாய், வந்துவிட்டாய் என்று உள்ளுக்குள் குதித்தேன். மாமாவின் முகம் அப்படி இல்லை. நானா தன்னை ஏமாற்றிவிட்டார் என்று நின்றார். சாக்கைக் கிழித்ததாம், ஓடியதாம், எல்லாம் புழுகு; வள்ளத்தில் கொண்டுவந்து இரவோடு இரவாக எங்கள் ஓடையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், நண்டையும் வாங்கிக்கொண்டு பூனையையும் தள்ளிவிட்டார்கள் என்றார். எங்கள் இரண்டு பக்கத்துச் சனங்களுக்கும் நடுவில் அதற்கு முன் நடந்தவை கொஞ்சமல்ல. ஒரு சின்னச் சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மா மாமாவைச் சத்தம் போடாதே என்றார். மாமா சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, வயலில் பூச்சிக்குப் போடுகிற குருணை மருந்தையும் ஒரு மீனையும் எடுத்துக்கொண்டு வந்தார். இனி இது எந்தக் கரைக்கும் போகாது என்றார்.

அந்த நேரம் பார்த்து நானா நண்டுக்கு வந்து சேர்ந்தார். மாமா வாசலிலேயே மறித்து, இனி உங்களுக்கு நண்டு இல்லை என்றார். நானாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவருடைய முகம் சுருங்கிப் போனது. "அல்லாஹ் அறிய நாங்க கொண்டு வரல்ல, தம்பி" என்றார். மாமா மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

அம்மா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் போய் மண்ணில் குந்தினார். பூனை இந்தத் தடவை உறுமவில்லை. மெலிந்து, விலா தெரிய, ஒரு பக்கமாகச் சரிந்து படுத்து, தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. அம்மா தலையைச் சரித்து, கம்பிக்குள்ளால் அதன் காலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பாதத்தின் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. ஒரு நகம் இல்லை. பின்னங்காலில் முள் கிழித்த காயம் காய்ந்துபோய் இருந்தது.

"வள்ளத்தில வந்ததெண்டால் காலில ஏன் இவ்வளவு புண், தம்பி?"

மாமா வந்து பார்த்தார். நானாவும் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து குனிந்தார். கங்கையடியிலிருந்து எங்கள் ஓடைக்கு வருவதென்றால் இடையில் எத்தனை வாய்க்கால், எத்தனை வயல், எத்தனை நாய், தார் ரோட்டு வேறு. நான் அதையெல்லாம் அப்போது யோசிக்கவில்லை; பிற்காலத்தில் பஸ்ஸில் அந்த வழியால் போகும்போது யோசித்திருக்கிறேன்.

"இது நடந்து வந்திருக்கு" என்றார் அம்மா. "நாங்கள் இல்லாத காலம் முழுக்க இந்த ஓடையில இருந்தது இதுதான். தன்ர இடத்துக்கு வந்திருக்கு. இதுக்கு ஆரும் நஞ்சு வைக்கக் கூடாது."

கோழி எல்லாம் போயிடும் அக்கா, மாடும் வராது என்றார் மாமா. அவருடைய குரல் இறங்கியிருந்தது. அம்மா கட்டையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழும்பி, கூட்டுக் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பூனை அம்மாவின் காலுக்குப் பக்கத்தால் நொண்டிக்கொண்டு வந்து, மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல் ஓடைப் பக்கம் இறங்கிப் போனது. முதலில் நீலமும் பிறகு பச்சையும் இலைக்குள் மறைந்தன. குறி வைத்தவர்கள் இரண்டு பேரும் இங்கே நிற்கிறீர்கள், இனி நட்டத்தை இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அம்மா தேத்தண்ணி வைக்கப் போனார்.

அன்று பின்னேரமே குசினிக் கூரை இறங்கியது. முகாமிலிருந்து கட்டிக்கொண்டு வந்த அந்தத் தகரங்களைக் கொண்டு மாமாவும் நானாவும் கோழிக் கூட்டை அடைத்தார்கள். நிலத்திலிருந்து உயர்த்தி, காலுக்குத் தகரம் சுற்றி, உத்தியோகத்தர் சொன்ன மாதிரியே. மாமா அதைத் தன் யோசனை என்று பிறகு ஊருக்குச் சொன்னார். அந்த மாரி முழுக்க அம்மா தறப்பாளுக்குக் கீழே கண் எரிய எரிய ஈர விறகில் சமைத்தார். கூட்டிலிருந்து அதன் பிறகு ஒரு கோழியும் பறிபோகவில்லை. ஆனால் மிஞ்சியிருந்ததே கொஞ்சம்தான்.

மாரி முடிய மிஸ் வந்தார். அவர் வாசலுக்கு வருமுன் மாமா பக்கத்து வளவுக் கோழிகள் சிலவற்றை இரவல் வாங்கி வந்துவிட்டார். எங்கள் ஊரில் அது ஒரு புதினம் இல்லை. சில சேவல்கள் ஒரே நாளில் நாலைந்து வீட்டுக் கோழியாக நின்று பழகியவை. அம்மா அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, இருந்ததைக் காட்டினார். மற்றதைப் பூனை தின்றுவிட்டது என்றார். மிஸ் நல்லவர், கவலைப்பட்டார், அடுத்த முறை பார்ப்போம் என்றார். அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை.

பசு எங்களுக்குப் பக்கத்து வளவுக்கு வந்தது. ஒரு பின்னேரம் எங்கள் ஒழுங்கையால்தான் அதைக் கொண்டுபோனார்கள். சிவப்புப் பசு, நெற்றியில் வெள்ளை. அம்மா வேலியடிக்குப் போய் அதன் கழுத்தைத் தடவிவிட்டு, நல்ல பசு என்று அவர்களிடம் சொன்னார். திரும்பி வந்து, மாடில்லாத கட்டைக்குப் பக்கத்தில் குந்தி இருந்தார். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு பூனைக்காக எங்கள் பசுவைக் கொடுத்துவிட்டார் என்று கோபம். அதைவிடப் பெரிய கோபம் ஒன்றும் உள்ளே இருந்தது. அதுவரை யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன்.

"பூனைக்குத் தன்ர இடம் வேணுமெண்டு விட்டீங்கள்தானே. அப்ப நானும் என்ர இடத்துக்குப் போகட்டோ?"

"உன்ர இடம் இதுதானே, பிள்ளை" என்றார் அம்மா.

"இல்லை. முகாம்."

நான் விடவில்லை. கிளிவெட்டிக்கு எந்தப் பக்கத்தால் போகவேணும், நடந்தால் எத்தனை நாள் செல்லும், பூனை கண்டுபிடித்ததென்றால் என்னால் ஏலாதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் இருத்தினார். என் இரண்டு கால்களையும் தூக்கித் தன் மடியில் வைத்தார். ஒட்டியிருந்த மண்ணைக் கையால் துடைத்தார். பிறகு பாதத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அன்று கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்த மாதிரியே, தலையைச் சரித்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா எதைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. காலில் புண் ஒன்றும் இல்லையே, நான்தான் இன்னும் நடக்கவே தொடங்கவில்லையே என்று நினைத்தேன். அவருடைய விரல் பட்டு உள்ளங்கால் கூசியது. காலை இழுத்துக்கொண்டு சிரித்தேன். குனிந்திருந்த அம்மாவின் தோள் குலுங்குவதைப் பார்த்து, அவரும் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.